பாதிக் கட்டடத்தின் கணக்கு

கணினிக்குள் ஒரு கட்டடம் எழும்ப ஒரு நொடிகூட ஆகாது. கோவை சரவணம்பட்டியில் 20 மாடிக் குடியிருப்பு ஒன்று வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்புப் பொறியாளர் பில்லர், பீம், தளம், லிஃப்ட் சுவர் எல்லாவற்றையும் திரையில் அடுக்குகிறார். டைல்ஸ், செங்கல், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி, குடிவரப்போகிறவர்களின் பீரோ கட்டில் வரைக்கும் எடை சேர்க்கிறார். பிறகு ‘ரன்’ கொடுக்கிறார். அதுவரை எடையே இல்லாமல் நின்ற 20 மாடிக்கும் அந்தக் கணத்தில் ஒன்றாகப் புவியீர்ப்பு வந்து சேர்கிறது. எல்லாப் பாரத்தையும் முழுக் கட்டடமும் ஒரே மூச்சில் பகிர்ந்துகொள்கிறது. எந்த பீமில் எவ்வளவு கம்பி என்று பட்டியல் வந்துவிடுகிறது.

சைட்டில் கதை வேறு. முதல் மாடித் தளம் போடும்போது இரண்டாம் மாடியே கிடையாது. பத்தாம் மாடி எழும்பும்போது கீழே உள்ள ஒன்பதும் ஏற்கெனவே எடை தாங்கி, கொஞ்சம் நசுங்கி, கொஞ்சம் சுருங்கி, தன் நிலைக்கு வந்திருக்கும். முழுக் கட்டடம் என்ற ஒன்று வேலையின் கடைசி வாரத்தில்தான் பிறக்கிறது. அதற்கு முன்னால் அந்த மனையில் நின்றவை வேறு வேறு கட்டமைப்புகள்: ஒரு மாடிக் கட்டடம், இரண்டு மாடிக் கட்டடம், முட்டுக் கொடுத்த மூன்று மாடிக் கட்டடம் என்று வரிசையாக. ஒவ்வொன்றும் தன் காலத்தில் வந்த பாரத்தைத் தன் போக்கில் தாங்கியிருக்கிறது. அந்தத் தாங்கலின் விளைவு அடுத்தடுத்த கட்டங்களுக்கும் உள்ளேயே தங்கிப்போகிறது. இறுதியில் எடை ஒன்றுதான், வடிவம் ஒன்றுதான். வந்த வழி மாறினால் உள்ளே இருக்கும் விசை மாறிவிடும். கட்டுமானக் கட்டங்களைக் கணக்கில் எடுக்கும் பகுப்பாய்வு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு மாறும்? சோம்பல்படாமல் கொஞ்சம் எண் போட்டுப் பார்ப்போம்.

டியூப் லெவல் அழித்துவிடும் தவறு

நம் 20 மாடிக் கட்டடம் 60 மீட்டர் உயரம். எம்25 கான்கிரீட். வெளிப்பக்கத்து பில்லரில் அடிமட்டத்து அழுத்தம் 10 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ. மேலே போகப் போக அது குறைந்து உச்சியில் பூஜ்யம். சராசரி 5. இந்திய நியம விதி ஐ.எஸ். 456 தரும் சூத்திரப்படி எம்25 கான்கிரீட்டின் மீள்மை எண் 25,000 மெகாபாஸ்கல். 60 மீட்டரை 5-ஆல் பெருக்கி 25,000-ஆல் வகுத்தால் 12 மில்லிமீட்டர். பில்லரின் உச்சி அவ்வளவு இறங்கும். நடுவிலிருக்கும் லிஃப்ட் சுவர் தடிமனானது. அங்கே அடி அழுத்தம் 4 என்று கொண்டால் இறக்கம் 5 மில்லிமீட்டருக்கும் கீழே. ஆக, ஒரே நொடியில் எழும்பும் கணினிக் கட்டடத்தின் 20-ஆம் மாடியில், லிஃப்ட் சுவரிலிருந்து வெளிப் பில்லருக்குப் போகும் பீமின் ஒரு முனை மற்றதைவிட 7 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடுகிறது.

7 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 6 மீட்டர் நீளமும் 300க்கு 600 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட பீமின் இரு முனைகளும் திரும்ப முடியாமல் இறுகிப் பிடிபட்டிருந்தால், அந்த 7 மில்லிமீட்டர் மட்டுமே ஏறக்குறைய 157 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்டை, அதாவது வளைக்கும் விசையை, உண்டாக்கும். அதே பீம் மீட்டருக்கு 3 டன் பாரம் சுமந்தால் முனையில் வரும் மொமென்ட் 90தான். நிஜத்தில் முனைகள் கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும், கான்கிரீட் மயிரிழை விரிசல் விட்டு இளகும். ஆகவே 157 என்பது உச்சவரம்பு. பாதியைத் தள்ளினாலும், பாரத்தால் வருவதற்கு நிகரான ஒன்று வெறும் இறக்கத்தால் வந்து நிற்கிறது. லிஃப்ட் சுவர்ப் பக்கம் மேல் கம்பி தேவைக்கு மேல் குவியும். பில்லர் பக்கமோ மேல் கம்பியே வேண்டாம் என்று கணினி சொல்லும். அதை நம்பிக் கம்பியைக் குறைத்தால் விரிசல் அங்கேதான் விடும்.

இந்த 7 மில்லிமீட்டரில் பெரும்பகுதி பொய். 20-ஆம் மாடிக்குச் சென்ட்ரிங் அடிக்கும் நாளில் மேஸ்திரி என்ன செய்கிறார்? தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை ஒரு பில்லரிலிருந்து இன்னொரு பில்லருக்குப் பிடித்து, மட்டம் குறித்து, அந்த மட்டத்துக்கே பலகை அடிக்கிறார். பெரிய சைட்டாக இருந்தால் ஆட்டோ லெவல் கருவி. அதுவரை பில்லர்கள் எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்தக் குறியோடு அது சரிக்கட்டப்பட்டுவிடுகிறது. பீம் மட்டமாகத்தான் பிறக்கிறது. அதற்கு மேல் ஏறப்போவது மொட்டைமாடிச் சாமான்களும் தண்ணீர்த்தொட்டியும் மட்டும்.

இதைக் கணிதமாக எழுதினால் அழகாக இருக்கும். ஒரு மாடி, தான் பிறந்த பிறகு தனக்கு மேலே ஏறும் எடையால் மட்டுமே இறங்கும். அந்த எடை தனக்குக் கீழே உள்ள பில்லர் நீளத்தைத்தான் நசுக்கும். எனவே இறக்கம், மேலே உள்ள மாடிகளின் எண்ணிக்கையைக் கீழே உள்ள மாடிகளின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவுக்குப் போகும். உச்சியில் மேலே எதுவும் இல்லை: பூஜ்யம். அடியில் கீழே எதுவும் இல்லை: அங்கும் பூஜ்யம். பெருக்கம் உச்சம் தொடுவது நடுவில், 10-ஆம் மாடியில். அங்கே இறக்கம் 6 மில்லிமீட்டர், ஒரே நொடிக் கணக்கின் உச்சியில் வந்த 12-இல் சரிபாதி. ஆக, கணினி அதிக வேறுபாடு இருக்கிறது என்று காட்டும் உச்சி மாடியில் உண்மையில் வேறுபாடே இல்லை. சிரமப்படுவது நடு மாடிகள்.

கையால் கணக்குப் போட்ட தலைமுறைக்கு இந்தச் சிக்கல் வரவில்லை என்பது வேடிக்கை. கோவையில் 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. இன்றைக்கு அது அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் தடாகம் சாலையில் இருக்கிறது, பழைய பெயர் அவிநாசி சாலை பஸ் ஸ்டாப்பில் ‘ஹோப்ஸ்’ என்று தங்கிவிட்டது. 1951-இல் பி.எஸ்.ஜி., 1956-இல் சி.ஐ.டி. அந்தக் காலத்துச் சிவில் மாணவர்கள் எல்லோரும் ஒரு மாடியை மட்டும் பெயர்த்தெடுத்து, மேலும் கீழும் ஒவ்வொரு பில்லரை ஒட்டவைத்துக் கணக்குப் போடக் கற்றார்கள். பில்லர் நசுங்கும் என்பதையே அந்த முறை கண்டுகொள்ளாது. முழுக் கட்டடத்தையும் கணக்கிடக் கையில் கருவி இல்லாததால் வந்த குறுக்குவழி அது. ஆனால் சொந்த எடையைப் பொறுத்தவரை, மாடி மாடியாகக் கட்டப்படும் கட்டடத்துக்கு அந்தக் குறுக்குவழி, பின்னால் வந்த முழுக் கணினிக் கணக்கைவிட உண்மைக்குப் பக்கத்தில் நின்றது. கணினி வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்கிட முடிந்த பிறகுதான் உச்சி மாடியில் இந்தப் பொய் மொமென்ட் முளைத்தது. 1985-இல் கொரியாவின் சோய், கிம் இருவரும் மாடி மாடியாகப் பாரம் ஏற்றிக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். இன்று கோவையில் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் ஓடும் மென்பொருளிலும் அதன் வழிவந்த வசதி இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னது உடனடி நசுங்கல். கான்கிரீட் அதோடு நிற்காது. பாரம் ஏறிய பின் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல ஒடுங்கிக்கொண்டே போகும், அது ஊர்வு. ஈரம் வற்ற வற்றத் தானே சுருங்கும், அது சுருக்கம். இரண்டும் சேர்ந்தால் உடனடி இறக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். வயது குறைந்த கான்கிரீட் அதிகம் ஊரும் என்பதால், எந்த மாடி எந்த வயதில் பாரம் ஏற்றது என்பதும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. 2010-இல் திறந்த துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். அதன் பொறியாளர் பில் பேக்கரின் குழு, கட்டும் வரிசையோடு பல்லாண்டு ஊர்வையும் சுருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு மாடியையும் வரைபட அளவைவிடச் சில மில்லிமீட்டர் கூட்டியே வார்த்தது. பின்னால் குறுகப்போவதை முன்னாலேயே கொடுத்துவிடும் ஏற்பாடு.

கடைக்கு இடம்விட்ட பில்லர்

நம் ஊர்களில் புர்ஜ் கலீஃபா இல்லை. இங்கே கட்டுமானக் கட்டம் நம்மைப் பிடித்துக் கேள்வி கேட்பது இன்னும் சாதாரண இடங்களில். கோவையின் கிராஸ்கட் ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ நடந்து பாருங்கள். தரைத்தளத்தில் அகலமான ஷோரூம் அல்லது கார் நிறுத்துமிடம்; மேலே அலுவலகமோ வீடோ. மேலே இரண்டு அறைகளுக்கு நடுவே பில்லர் வேண்டும், கீழே அதே பில்லர் கார் திரும்புகிற இடத்தில் வரும். எனவே கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு, முதல் மாடியில் ஒரு பருத்த பீம் போட்டு அதன் முதுகில் பில்லரை நிறுத்துகிறார்கள். தொங்கு பில்லர் என்றும் ஃப்ளோட்டிங் காலம் என்றும் சொல்வது இதைத்தான். நிலநடுக்கப் பார்வையில் இது கெட்ட பெயர் வாங்கியது. சொந்த எடைக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

தாங்கும் பீம் 8 மீட்டர், அதன் நடுவே பில்லர், மேலே 8 மாடி, ஒவ்வொரு மாடியும் அந்தப் பில்லருக்கு 20 டன் தருகிறது என்போம். மொத்தம் 160 டன். ஒரே நொடிக் கணக்கில் இந்த 160-ம் தாங்கும் பீமின் தலையில் முழுசாக இறங்காது. ஏன்? தாங்கும் பீம் தொய்யப் பார்க்கும்போது, பில்லரோடு கோர்த்திருக்கும் 8 மாடிப் பீம்களும் சேர்ந்து ‘தொய்யாதே’ என்று இழுத்துப் பிடிக்கும். முழுச் சட்டகமும் ஏணியைப் படுக்கவைத்ததுபோல ஒரே ஆழமான உத்திரமாக வேலை செய்யும். பாரத்தின் ஒரு பங்கு பக்கத்துப் பில்லர்களுக்கு மேலேயே போய்விடும். திரையில் தாங்கும் பீமின் மொமென்ட் குறைவாக வரும். பொறியாளர் மகிழ்ச்சியோடு கம்பியைக் குறைப்பார்.

சைட்டில் முதல் 20 டன் வரும்போது இழுத்துப் பிடிக்க மேலே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. தாங்கும் பீம் அதைத் தனியாகச் சுமக்கிறது. இரண்டாவது 20 டன்னுக்கு ஒரு மாடி துணை, மூன்றாவதுக்கு இரண்டு. எட்டாவது மாடியின் பாரம் வரும்போதுதான் கணினி கற்பனை செய்த கூட்டணி ஏறக்குறைய முழுமை பெறுகிறது. அதற்குள் பீம் தன் பங்குக்கு மேல் தொய்ந்து முடித்திருக்கும். உச்சி மாடிச் சிக்கலில் கணினி இல்லாத விசையைக் காட்டிக் கம்பியை வீணாக்கியது. இங்கே இருக்கிற விசையை மறைக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பயம்.

இந்தக் கணக்கை மாற்றிவிடக்கூடிய ஒருவர் உண்டு. தாங்கும் பீமுக்கு அடியில் நிற்கும் முட்டை எப்போது பிரிப்பது என்று முடிவு செய்பவர். 8 மாடியும் முடியும்வரை முட்டு நின்றால், முட்டை எடுக்கும் நாளில் பாரம் முழுச் சட்டகத்துக்கும் சேர்ந்து வரும். ஒரே நொடிக் கணக்கு கிட்டத்தட்டப் பலித்துவிடும். ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாளிலேயே பிரித்தால் பீம் தனியாள். முட்டாக நிற்கும் ஜாக்கிக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அதை எப்போது எடுப்பது என்று வரைபடத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்காது.

“ஏனுங்க சார், ஜாக்கி அடுத்த சைட்டுக்கு வேணுங்க. கீழ்முட்டைப் பிரிச்சுரலாங்களா?”

“எத்தன நாளாச்சுங்க மேஸ்திரி?”

“இருபத்தியொண்ணு தாண்டிருச்சுங்க.”

விதிப்படி 21 நாள் சரிதான். 6 மீட்டருக்கு மேல் நீண்ட பீமின் முட்டுக்கு ஐ.எஸ். 456 தரும் எண் அதுவே. ஆனால் அந்த எண் கான்கிரீட்டின் வயதைப் பார்த்துச் சொன்னது. மேலே எத்தனை மாடி வந்துவிட்டது என்பதைப் பார்த்துச் சொன்னதல்ல. இருவரும் நேர்மையாகப் பேசியும் வடிவமைப்பு மாறிப்போகிறது.

14 நாள் வயதில் ஆயுளின் உச்சப் பாரம்

முட்டு என்றதும் சாதாரணத் தளத்துக்கே வருவோம். ஐ.எஸ். 456-இன் பட்டியல்: 4.5 மீட்டர் வரை நீளும் தளத்தின் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14, மேலே போனால் 21. இவை சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு. இன்று கடைகளில் அதிகம் விற்பது சாம்பல் கலந்த பிபிசி. அது மெதுவாகப் பலம் ஏறும் ஆள் என்பதால் நாளைக் கூட்ட வேண்டும் என்பதையும் விதியே சொல்கிறது.

பல மாடிக் கட்டடத்தில் புதுத் தளத்தின் ஈரக் கான்கிரீட்டைத் தாங்குவது அதன் கீழ்த்தளம். அந்தக் கீழ்த்தளத்துக்கே வயது ஒரு வாரம். எனவே இரண்டு மாடிக்கு முட்டு வைத்துக்கொண்டே போவார்கள். 1963-இல் கிரண்டி, கபைலா என்ற இருவர் அமெரிக்கக் கான்கிரீட் கழக இதழில் இதற்கு ஒரு கணக்கு எழுதினார்கள். பேப்பரும் பென்சிலும் போதும். நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தளத்தின் எடையை 1 என்று வைப்போம். முட்டுகள் துளியும் நசுங்காதவை, தளங்கள் ஒரே விறைப்பு உடையவை என்று கொள்வோம். தரையில் முட்டு நிறுத்தி முதல் தளம், அதன் மேல் முட்டு நிறுத்தி இரண்டாம் தளம். இதுவரை எடை எல்லாம் முட்டு வழியே நேராகத் தரைக்குப் போகிறது. அடியில் உள்ள செட்டைப் பிரிக்கிறோம். ஆளுக்கு 1, தன் எடையைத் தானே தாங்குகிறது. பிரித்த செட்டை இரண்டாம் தளத்தின் மேல் நிறுத்தி மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றுகிறோம். ஈரக் கான்கிரீட்டுக்குச் சொந்த பலம் கிடையாது; அதன் எடை கீழே உள்ள இரண்டுக்கும் பாதிப் பாதி. இப்போது முதல் தளம் 1.5, இரண்டாம் தளம் 1.5. அடுத்து முதல் தளத்தின் மேல் நிற்கும் முட்டைப் பிரிக்கிறோம். அதன் வழியே முதல் தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த 0.5, மேலே உள்ள இரண்டுக்கும் பிரிகிறது: இரண்டாம் தளம் 1.75, மூன்றாம் தளம் 0.25. அந்தச் செட்டை மேலே ஏற்றி நான்காம் தளம் போட்டால் இருவருக்கும் இன்னொரு 0.5. மூன்றாம் தளம் 0.75. இரண்டாம் தளம் 2.25.

தன் எடையைப்போல இரண்டேகால் மடங்கு! வாரம் ஒரு தளம் போட்டால் அப்போது அதன் வயது 14 நாள். மூன்று செட் முட்டு வைத்தால் குறையும் என்று நினைப்போம், 2.36 ஆகக் கூடுகிறது. பாரத்தைத் தாங்கும் தளத்துக்கு வயது ஒரு வாரம் கூடியிருக்கும், அதுதான் லாபம்.

இதை வீட்டு எடையோடு ஒப்பிட்டால் கண் திறக்கும். 125 மில்லிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 312 கிலோ. மேல்பூச்சும் டைல்ஸும் சேர்த்துச் சுமார் 100. குடியிருப்புக்கு விதி சொல்லும் ஆள், சாமான் பாரம் 200. மொத்தம் 612. கட்டும்போது வந்த 2.25 மடங்கு என்பது 703. அதோடு மேலே நடமாடும் ஆட்கள், குவித்த கம்பி, பம்ப் குழாயின் உதறல் தனி. கிரகப்பிரவேசத்தன்று உறவுக்கூட்டம் முழுவதும் ஹாலில் கூடி நின்றாலும் அந்தத் தளம் இரண்டு வார வயதில் பார்த்ததைப் பார்க்கப்போவதில்லை. பல வீடுகளில் தளத்தின் அடியில் காணப்படும் மெல்லிய விரிசல்களுக்குச் சிமென்டையும் கொத்தனாரையும் திட்டுகிறோம். அந்த இரண்டாவது வாரத்தைச் சந்தேகப்படுவதில்லை.

விரிசலோடு போனால் அதிர்ஷ்டம். 1973 மார்ச் 2, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்கைலைன் பிளாசா என்ற அடுக்குமாடிக் கட்டடம். 24-ஆம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே முட்டுகளை முன்கூட்டியே பிரித்துவிட்டார்கள். 23-ஆம் மாடித் தளத்தைப் பில்லர்கள் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போயின. அந்தத் தளம் கீழ்த்தளத்தின் மேல் விழ, அது அடுத்ததன் மேல் விழ, அடிவரைக்கும் சரிந்தது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1978 ஏப்ரல் 27, மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் அனல் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம். சாரத்தை நேற்று வார்த்த கான்கிரீட்டிலேயே மாட்டித் தொங்கவிட்டு மேலே ஏறும் முறை. குளிரில் நேற்றைய கான்கிரீட் பலம் ஏறாமல் இருந்தது. கோபுரத்தின் மேல்வளையம் சாரத்தோடு உரிந்து விழுந்தது. 51 பேர் மாண்டார்கள். கோபுரம் முழுதாக எழும்பியிருந்தால் அதன் பலம் குறித்து ஒருவருக்கும் புகார் இருந்திருக்காது.

ஆடிக்காற்றும் கூரையில்லாச் சுவரும்

கொங்குப் பக்கத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஆனியில் தொடங்கி ஆடி முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று உள்ளே பாயும். பல்லடம், உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளெல்லாம் அதை நம்பி நிற்பவை. அதே வட்டாரத்தில்தான் விசைத்தறிக் கூடங்களும் பனியன் கம்பெனிக் குடோன்களும் கோழிப்பண்ணைகளும் எழும்புகின்றன.

கூரை போட்ட பிறகு சுவருக்குத் தலையில் பிடி உண்டு. கூரைக்கு முன்னால் அது தரையில் குத்திவைத்த அட்டை. காற்றுப் பாரத்துக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர். கட்டிக்கொண்டிருக்கும் நிலையிலுள்ள அமைப்புகளுக்கும் மதில்சுவருக்கும் ஐந்தாண்டு ஆயுள் என்று கொண்டு அதை 0.76-ஆல் பெருக்க அதே விதி அனுமதிக்கிறது. பாதிக் கட்டடத்துக்குத் தனிக் கணக்கு உண்டு என்று அரசாங்க விதியே ஒப்புக்கொள்ளும் இடம் இது. பெருக்கினால் 29.6, அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. 230 மில்லிமீட்டர் செங்கல் சுவரின் எடை சதுர மீட்டருக்கு 450 கிலோ அளவில். கலவை இன்னும் இறுகவில்லை, எடை மட்டுமே சுவரை நிறுத்துகிறது என்று வைத்தால், சுவர் எத்தனை உயரம் வரை புரளாமல் நிற்கும்? 450-ஐ 0.23-ஆல் பெருக்கி 54-ஆல் வகுக்க வேண்டும். 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குடோனின் பக்கச்சுவர் 5, 6 மீட்டர் போகும். ஹாலோ பிளாக் என்றால் எடை இன்னும் குறைவு. கலவை இறுகிய பின் நிலைமை கொஞ்சம் தேறும் என்றாலும், குறுக்குச் சுவரோ பில்லரோ பீம் பட்டையோ வராமல் ஒரே மூச்சில் உயர்த்துவது சூதாட்டம்தான்.

இரும்பு ஷெட்டில் இதே கதை வேறு உருவம் எடுக்கிறது. ராஃப்டர் எனப்படும் மெல்லிய நீண்ட இரும்புச் சட்டத்தை, கூரைத்தகட்டைத் தாங்கும் பர்லின்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்திருப்பார்கள். கிரேன் அதைத் தூக்கிப் பொருத்தும் காலையில் ஒரு பர்லின்கூட இருக்காது; 20, 25 மீட்டர் நீளமும் பக்கத்துணையின்றி நிற்கும். பக்கவாட்டில் நெளியாமல் தாங்கும் திறன் அந்த நிலையில் பல மடங்கு குறைவு. குறுக்கு பிரேஸிங் உள்ள இரண்டு சட்டங்களை முதலில் நிறுத்தி, பர்லின் மாட்டி, கம்பிக்கயிறு இழுத்துக் கட்டிவிட்டு மற்றவற்றை அதிலிருந்து தொடர வேண்டும் என்பது நல்ல எரெக்‌ஷன் குழு ஒவ்வொன்றுக்கும் தெரியும். சாயங்காலம் ஆகிவிட்டதே, பிரேஸிங் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகும் நாளில்தான் ராத்திரிக் காற்று வரும்.

மௌலிவாக்கத்தின் இரட்டையர்

தமிழ்நாட்டில் கட்டி முடிக்காத கட்டடம் என்றதும் நினைவுக்கு வருவது மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 சனிக்கிழமை சாயங்காலம், மழையோடு, போரூர் பக்கத்தில் முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் குடியிருப்பு நின்ற இடத்திலேயே அமர்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். மீட்புப்பணி ஒரு வாரம் நடந்தது. இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டுநர் தரப்பு சொல்லிப் பார்த்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையிலான விசாரணை ஆணையம் வடிவமைப்பிலேயே குறை கண்டது.

எனவே இதைக் கட்டும் வரிசைப் பிழை என்ற பெட்டியில் அடைத்துவிட முடியாது. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தச் சாயங்காலத்தில் ஒரு குடும்பமும் குடிவரவில்லை. பீரோ இல்லை, கட்டில் இல்லை, வடிவமைப்பில் எழுதிய ஆள் பாரம் பெரும்பாலும் இல்லை. கான்கிரீட் கட்டடத்தில் எடையின் பெரும்பங்கு அதன் சொந்த எடை. அது குடிவருவதற்கு முன்பே வந்து முடிந்துவிடுகிறது. பில்லர் பலவீனமாக இருந்தால், அதைச் சோதிக்கும் நாள் கட்டுமானக் காலத்துக்குள்ளேயே வரும். அந்த நாளில் உள்ளே இருப்பவர்கள் கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுபவரும்.

அதே வளாகத்தில் அதே அச்சில் வார்த்த இன்னொரு கட்டடம் விழாமல் நின்றது. அதை இடிக்கும் வேலை திருப்பூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடிப்பதும் கட்டங்களின் கணக்குத்தான், பின்னாலிருந்து முன்னால். எந்தப் பில்லர் முதலில் போனால் பாரம் எங்கே ஓடும், அது அடுத்த பில்லரை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று ஒவ்வொரு வெடிக்கும் இடையே இம்மி நேரம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

மென்பொருள் கேட்கும் கேள்வி

கட்டக் கணக்கைப் போட இன்று பெரிய வித்தை தேவையில்லை. மாடி வாரியாகக் குழு பிரித்து, ‘இந்தக் குழு இத்தனையாவது நாளில் பிறக்கிறது, இந்தப் பாரம் இத்தனையாவது நாளில் ஏறுகிறது, இந்த முட்டு இத்தனையாவது நாளில் விலகுகிறது’ என்று ஓர் அட்டவணை கொடுத்தால் மென்பொருள் ஒவ்வொரு கட்டமாக ஓட்டி விடையைச் சேர்த்துத் தரும். காற்று, நிலநடுக்கம், குடியிருப்போர் பாரம் ஆகியவை முழுக் கட்டடத்துக்கு வருபவை. அவற்றுக்குப் பழைய ஒரே நொடிக் கணக்கே பொருந்தும். நாலு மாடி வீட்டுக்கு இந்தச் சிரமம் எல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் தொங்கு பில்லர் வந்துவிட்டால் நாலு மாடிக்கும் வேண்டும்.

கஷ்டம் அந்த அட்டவணையில் இருக்கிறது. நாள் எண்ணிக்கையைக் கேட்கும் கட்டத்தில் பொறியாளர் பெரும்பாலும் 7, 14, 21 என்று ஒரே சீராக நிரப்பிவிடுவார். சைட் அப்படி ஓடாது. தீபாவளிக்கு ஒரு பகுதி ஆட்கள் போவார்கள், சத் பூஜைக்குப் பீகார்க்காரர்கள் போவார்கள், ஐப்பசி மழையில் மணல் நனையும், வங்கித் தவணை தள்ளிப்போகும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது கோவையிலும் திருப்பூரிலும் அப்படியே நின்றுபோன கட்டடங்கள் எத்தனையோ. மே மாதம் தொடங்கிச் சிறப்பு ரயில்களில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் போனார்கள். சில சைட்டுகளில் வேலை திரும்ப ஆரம்பிக்க மாதங்கள் ஆயின. ஒன்பதாம் மாடித் தளத்தோடு நின்ற ஒரு கட்டடத்தில், பத்தாம் மாடி பிறந்தபோது கீழ்ப் பில்லர்கள் தங்கள் சுருக்கத்தில் நல்ல பகுதியை முடித்திருந்தன. ஒரு வார இடைவெளி என்று அட்டவணையில் எழுதியிருந்த இடத்தில் நூற்றுக்கும் மேல் நாட்கள் ஓடியிருந்தன. அடியில் அடித்த முட்டு எல்லாம் அப்படியே நின்றதா, இடையில் யாராவது உருவிக்கொண்டு போனார்களா என்பதைத் தெரிந்துகொண்டுதான் அந்த அட்டவணையைத் திருத்த முடியும். அதைச் சொல்லக்கூடியவர் வாட்ச்மேன்.